ஷ்வேடகோன் பகோடா: ரங்கூன் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் தாத்தாக்கள் ரங்கூன் என்று சொன்ன யாங்கோனில், சிங்குத்தரா என்ற சின்ன மலைமேல் 99 மீட்டர் உயரத்துக்குத் தங்கமாக நிற்பதுதான் ஷ்வேடகோன். பர்மிய பௌத்தர்களுக்கு இதைவிடப் பெரிய புண்ணியத் தலம் கிடையாது. போக நினைக்கிற நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை.

இப்போதைய நிலைமையில் போகலாமா?

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மியான்மரின் பல பகுதிகளில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று வந்த பெரிய நிலநடுக்கம் மண்டலே, சகாயிங் பக்கம் பெரும் சேதம் செய்தது. யாங்கோனுக்கு அந்த அளவு அடி இல்லை. யாங்கோனுக்குள் பகோடாவுக்குப் போவது வேறு, நகரத்தைத் தாண்டிச் சாலை வழியே சுற்றுவது வேறு, இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பயண எச்சரிக்கையைப் படியுங்கள், விசா விதியை அப்போதே பாருங்கள், உங்கள் பயணக் காப்பீடு மியான்மருக்குச் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் ஒருவர் சிரித்துக்கொண்டே சுற்றிக்காட்டுகிறார் என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

உள்ளே போய் மூலவரைப் பார்க்கலாமா?

உள்ளே என்று ஒன்று இல்லை. பெரிய ஸ்தூபி முழுக்கச் செங்கல்லால் ஆன கெட்டிக் கட்டடம், அதற்குள் நடந்துபோக வழி கிடையாது. 1824-ல் முதல் ஆங்கில-பர்மியப் போரில் பிரிட்டிஷ் படை மலையைப் பிடித்தபோது, வெடிமருந்து சேர்த்துவைக்க இடம் கிடைக்குமா என்று பார்க்க ஓர் அதிகாரி ஸ்தூபியைக் குடைந்து சுரங்கம் தோண்டினார். அப்படிக் குடைந்தால்தான் உண்டு.

நம் ஊர்க் கோயில் பழக்கத்தோடு போகிறவர்கள் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள். தரிசன வரிசை, கருவறை, திரை விலகுவது, தீபாராதனை, அப்புறம் பின்னால் இருந்து ஒருவர் "நகருங்க நகருங்க" என்று தள்ளுவது, எதுவுமே இல்லை. ஸ்தூபிதான் வணக்கத்துக்குரியது. அதைச் சுற்றிப் பளிங்கு போட்ட விரிந்த மேடை, மேடை முழுக்கச் சின்னச் சின்ன ஸ்தூபிகள், மண்டபங்கள், சன்னதிகள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். உள்ளூர்க் குடும்பங்கள் மண்டப நிழலில் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சிலர் தூங்கவே செய்வார்கள், பக்கத்திலேயே ஒருவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டு கண் மூடி இருப்பார். "முக்கியமானது எது" என்று தேடித் தேடி ஓடினால் அரை மணியில் களைத்துவிடுவீர்கள், பார்த்ததாகவும் இருக்காது. என்னைக் கேட்டால் இந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

அப்படி என்ன புனிதம் இதற்கு?

ஐதீகம் இப்படிப் போகிறது. தபுஸ்ஸர், பல்லிகர் என்று இரண்டு வணிகச் சகோதரர்கள். புத்தர் ஞானம் பெற்ற சில வாரங்களில் அவரைச் சந்தித்து உணவு கொடுக்கிறார்கள். அவர் தன் தலையிலிருந்து எட்டு முடிகளைக் கொடுக்கிறார். அதை ஊருக்குக் கொண்டுவந்து, ஒக்கலாபா மன்னன் துணையோடு சிங்குத்தரா மலையில் வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே முந்தைய மூன்று புத்தர்களின் பொருட்கள் இருந்தனவாம்: ககுசந்தரின் கைத்தடி, கோணாகமனரின் தண்ணீர் வடிகட்டி, காசியபரின் ஆடைத் துண்டு. ஆக நான்கு புத்தர்களின் நினைவுப் பொருட்கள் ஒரே இடத்தில். மேடையின் நான்கு திசைகளிலும் இந்த நால்வருக்கும் ஆளுக்கொரு மண்டபம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் 2,600 வருடப் பழமையா?

நம்பிக்கைப்படி ஆமாம். தொல்லியல்காரர்கள் கணக்கு வேறு. 6-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவில் மொன் மக்கள் கட்டியது என்கிறார்கள். முதலில் இவ்வளவு பெரிதாகவும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பெகு (இன்றைய பாகோ) அரசர் பின்ய ஊ சுமார் 18 மீட்டருக்கு உயர்த்தினார், 15-ஆம் நூற்றாண்டில் ஷின் சாபு அரசி 40 மீட்டருக்குக் கொண்டுபோனார். 1768 நிலநடுக்கத்தில் உச்சி விழுந்தபிறகு சின்பியூஷின் மன்னர் இன்றைய 99 மீட்டருக்கு எழுப்பினார். படியில் வழிகாட்டி ஒருவர் "இரண்டாயிரத்து அறுநூறு வருஷம்" என்றால் தலையாட்டிவிட்டுப் போங்கள், அங்கே நின்று வாதாடுவதில் ஒரு லாபமும் இல்லை.

பார்ப்பதெல்லாம் நிஜத் தங்கமா?

நிஜம்தான். மேல் பகுதியில் தங்கத் தகடு, கீழே தங்க ரேக்கு. வெயிலும் மழையும் ரேக்கைத் தின்றுவிடும், அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் சாரம் கட்டிப் புதுப்பிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் போனால் ஸ்தூபி பாயால் போர்த்தியிருக்கும், படம் எடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்; ஆனால் அந்த மூங்கில் வேலையே நின்று பார்க்கத் தக்கது.

தங்கம் பூசும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஷின் சாபு அரசி என்கிறார்கள். துலாபாரம் போல, தன் எடைக்கு எடை தங்கம் கொடுத்தாராம். அவருக்குப் பின் ஆண்ட மருமகன் தம்மசேதி சும்மா இருப்பாரா, தன் எடையும் மனைவி எடையும் சேர்த்து நாலு மடங்கு கொடுத்தார் என்று சொல்கிறார்கள்.

உச்சியைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: மணி போன்ற பகுதி, கவிழ்த்த பிட்சைப் பாத்திரம், தாமரை இதழ்கள், வாழைப்பூ வடிவம், அதன்மேல் ஹ்தி என்கிற குடை, அதற்கும் மேலே கொடி, கடைசியில் வைர மொட்டு. குடையிலும் கொடியிலும் ஆயிரக்கணக்கில் வைரமும் மாணிக்கமும் உண்டு. இப்போதிருக்கும் குடை 1999-ல் வைத்தது. உச்சியில் இருப்பது 76 காரட் வைரம். இருட்டியபிறகு விளக்கு வெளிச்சம் அதில் பட்டு, மேடையில் சில குறிப்பிட்ட இடங்களிலிருந்து பார்த்தால் பச்சை, சிவப்பு, நீலம் என்று மின்னும். இடத்தைத் தரையில் குறித்தே வைத்திருக்கிறார்கள். தெரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார்கள்.

எந்த வாசல் வழியாகப் போவது நல்லது?

நான்கு பக்கமும் கூரை போட்ட நீண்ட படிக்கட்டுகள். தெற்கு வாசல்தான் பிரதானம், இரண்டு பெரிய சிந்தே (பாதி சிங்கம், பாதி கற்பனை) காவல் நிற்கும், 104 படி. மேற்கு நீளமானது, 166 படி. 1931-ல் இந்த மேற்குப் படிக்கட்டின் அடியில்தான் தீப்பிடித்து மேடைவரை பரவி நிறைய மண்டபங்களை அழித்தது. கிழக்குப் பக்கம் பூ, ஊதுபத்தி, புத்தர் சிலை, காகிதக் குடை விற்கும் கடைகள் நிறைந்தது. கூட்டமும் பேச்சும் வேண்டுமானால் அந்த வழி. மூட்டு வலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் லிஃப்ட், எஸ்கலேட்டர் உண்டு. நடக்க முடிந்தவர்கள் படியில் ஏறுங்கள். இருட்டான படிக்கட்டு முடிந்து திடீரென்று மேடை வெளிச்சத்தில் கால் வைக்கிற அனுபவம் லிஃப்டில் வராது.

செருப்பை மேலே போய்க் கழற்றலாமா? சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது, இரண்டுமே. முதல் படிக்கு முன்பே கழற்ற வேண்டும், சாக்ஸும் கூடாது. பாதுகாக்கும் இடம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொண்டு வேறு வாசல் வழியாக இறங்குங்கள்.

நமக்கு இது புதிதில்லை. ஆனால் பர்மாவில் இதன் பின்னால் ஓர் அரசியல் கதை இருக்கிறது, தெரிந்துகொண்டு போனால் நல்லது. பிரிட்டிஷ் ஆட்சியில் ஐரோப்பியர்கள் பூட்ஸோடு பகோடா மேடையில் நடப்பது சாதாரணம். 1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பிறகு ஷ்வேடகோன் மலையே ராணுவ முகாம், 1929 வரை அங்கே படை இருந்தது. 1901-ல் தம்மலோகா என்ற, அயர்லாந்தில் பிறந்து பிக்குவான ஒருவர், இந்த மேடையில் ஓர் இந்தியக் காவலர் காலணியோடு நிற்பதைப் பார்த்துக் கழற்றச் சொன்னார், விவகாரம் பெரிதானது. பிறகு பர்மிய பௌத்த இளைஞர் சங்கம் இதைக் கையில் எடுத்தது; பெரும் புகழ்பெற்ற பிக்கு லெடி சயாடோ, பகோடாவில் காலணி அணிவது ஏன் தவறு என்று தனியாகவே எழுதினார். 1919-ல் மண்டலேயின் எய்ந்தவ்யா பகோடாவில் காலணியோடு வந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கினார்கள், தலைமை தாங்கிய பிக்குவுக்கு ஆயுள் தண்டனை. அதன்பிறகுதான் அந்தந்தப் பகோடாவின் பொறுப்பாளர்களே முடிவு செய்யட்டும் என்று அரசு இறங்கி வந்தது. அதனால் படிக்கட்டுக் காவலாளி உங்கள் சாக்ஸைக் காட்டி முகம் சுளித்தால் அவர் கறாராக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர்கள் சுதந்திரப் போராட்டத்தின் முதல் வரியே இந்தக் காலணிதான்.

என்ன உடை?

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். வேட்டி, சேலை, சுடிதார் எல்லாம் சரி. அரைக்கால் சட்டையில் போனால் வாசலிலேயே லோஞ்சி கட்டச் சொல்வார்கள். நம் கைலிதான், முடிச்சுப் போடும் விதம் மட்டும் கொஞ்சம் வேறு.

உடலில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், இன்னும் சரியாகச் சொன்னால் அந்த நாட்டுக்குப் போவதையே யோசியுங்கள். புத்தர் உருவம் அங்கே விளையாட்டுப் பொருள் இல்லை. யாங்கோனில் ஒரு மதுக்கூட விளம்பரத்தில் புத்தருக்கு ஹெட்ஃபோன் மாட்டிய படத்தைப் போட்டதற்காக 2015-ல் மூன்று பேருக்கு இரண்டரை வருடச் சிறை கிடைத்தது.

எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்?

வலம்தான், நம்மைப் போலவே. ஸ்தூபி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். யாராவது எதிர்த்திசையில் நடந்தால் போலீஸ் பிடிக்காது, ஆனால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கிழமை மூலை என்கிறார்களே, அது என்ன?

ஷ்வேடகோனில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஸ்தூபியைச் சுற்றி எட்டுத் திசைகளில் எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை, ஒரு கிரகம், ஒரு விலங்கு. வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டு எப்படி என்றால், புதன்கிழமையை இரண்டாக உடைத்திருக்கிறார்கள்: காலை புதனுக்கு, பிற்பகல் ராகுவுக்கு. கேது நடுவில், எல்லாக் கிரகங்களுக்கும் தலைவன். நவக்கிரகம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை, வெள்ளைக்காரப் பயணிகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது நாம் பாட்டுக்கு நகர்ந்துவிடலாம்.

கிழக்கிலிருந்து வலமாக வந்தால்: கிழக்கே திங்கள், புலி. தென்கிழக்கே செவ்வாய், சிங்கம். தெற்கே புதன் காலை, தந்தமுள்ள யானை. தென்மேற்கே சனி, நாகம். மேற்கே வியாழன், எலி. வடமேற்கே புதன் பிற்பகல், தந்தமில்லாத யானை. வடக்கே வெள்ளி, கினிப்பன்றி. வடகிழக்கே ஞாயிறு, கருடன். வெள்ளிக்கிழமைக்காரர்கள் கருடனையும் புலியையும் பார்த்துவிட்டுத் தங்கள் கினிப்பன்றியைப் பார்க்கும்போது கொஞ்சம் மனம் தளர்வதுண்டு. என்ன செய்வது, சுக்கிரன் கொடுத்தது அதுதான்.

நீங்கள் பிறந்த கிழமையின் இடத்துக்குப் போய், அங்கிருக்கும் சின்னப் புத்தர் சிலைமேல் குவளையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனை குவளை? வயதுக்கு ஒன்று, கூடவே ஒன்று என்று பலர் ஊற்றுவார்கள். எழுபது வயதுக்காரர் பின்னால் நின்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூன்று, ஐந்து என்று முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு, யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். புத்தருக்கு ஊற்றிவிட்டு, பின்னால் இருக்கும் காவல் தேவதைக்கும் கீழே இருக்கும் விலங்குக்கும் ஊற்றுவது வழக்கம். பூ வைக்கலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

இந்தக் கிழமை அங்கே வாழ்க்கை முழுவதும் கூட வரும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது முதல் எழுத்தைப் பிறந்த கிழமை பார்த்து எடுப்பார்கள், நாம் நட்சத்திர எழுத்து பார்ப்பதுபோலவே.

எனக்குப் பிறந்த கிழமை தெரியாது. என்ன செய்ய?

ஜாதகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் மொபைல் காலண்டரில் பிறந்த தேதிக்குப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். புதன் என்றால் காலையா பிற்பகலா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள், அங்கே போய் வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

நான் பௌத்தர் இல்லை. கும்பிட்டால் தப்பா?

தப்பே இல்லை. கும்பிடாமல் இருந்தாலும் தப்பில்லை. தேங்காய் உடைப்பது, கற்பூரம் கொளுத்துவது எல்லாம் அங்கே வழக்கமில்லை. உட்காரும்போது பாதத்தைச் சிலைப் பக்கம் நீட்டாமல் மண்டியிட்டோ காலை மடக்கியோ உட்காருங்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, ஏதாவது கொடுப்பதென்றால் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

பெண்களுக்கு அனுமதி இல்லாத இடம் இருக்கிறதா?

இருக்கிறது. பெரிய மேடையில் எந்தத் தடையும் இல்லை, ஆனால் ஸ்தூபியை ஒட்டி மேலே இருக்கும் படித்தளத்துக்கு ஆண்கள் மட்டும்தான் போகலாம். இத்தனைக்கும் இந்த இடத்துக்குத் தங்கம் கொடுத்து உருவம் தந்தவர்களில் முதல் பெயரே ஓர் அரசியுடையது. எனக்கு இது ஒப்புக்கொள்ள முடியாத விதி, ஆனால் விதி அதுதான்.

தங்க ரேக்குக் காணிக்கைக்கு இந்தத் தடை ஒரு பொருட்டில்லை. காசு கட்டி ரேக்கு வாங்கினால், கரவெய்க் பறவை உருவத்தில் செய்த சின்னப் படகு ஒன்றில் வைத்துக் கயிற்றில் இழுத்து மேலே அனுப்புவார்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

பெரிய மணியை நாம் அடிக்கலாமா?

அடிக்கலாம். பக்கத்திலேயே மரக்கட்டை இருக்கும், மூன்று முறை அடிப்பார்கள். தான் செய்த புண்ணியத்தை எல்லோருக்கும் பங்கு வைப்பது என்பது கருத்து; கேட்கிறவர்கள் "சாது, சாது, சாது" என்று மூன்று முறை சொல்லி அதில் சேர்ந்துகொள்வார்கள்.

மேடையில் இரண்டு பெரிய மணிகள். வடமேற்கில் இருப்பது 1779-ல் சிங்கு மன்னர் வார்ப்பித்தது, ஏறக்குறைய 23 டன். முதல் போருக்குப் பிறகு பிரிட்டிஷார் இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஆற்றில் விழுந்து மூழ்கிவிட்டது. அவர்களால் தூக்க முடியவில்லை. பர்மியர்கள் தண்ணீருக்குள் இறங்கி மூங்கில்களைக் கட்டி மிதக்கவைத்து மேலே கொண்டுவந்து, திரும்ப இதே இடத்தில் தொங்கவிட்டார்கள். வடகிழக்கில் இருப்பது தாராவடி மன்னர் கொடுத்தது, 42 டன், 1841-ஐ ஒட்டி வார்த்தது.

மூன்றாவது ஒன்றும் இருந்தது, எல்லாவற்றையும்விடப் பெரியது, தம்மசேதி கொடுத்தது. 1608-ல் பிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கீசியர் பீரங்கி வார்ப்பதற்காக அதைத் திருடித் தெப்பத்தில் ஏற்றினார். யாங்கோன் ஆறும் பெகு ஆறும் சேரும் இடத்தில் மூழ்கியது. எத்தனையோ பேர் முக்குளித்துத் தேடிவிட்டார்கள், இன்னும் கிடைக்கவில்லை.

எந்தச் சன்னதிகளைத் தவறவிடக் கூடாது?

பட்டியல் போட்டால் ஓட ஆரம்பித்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. சரி, சில மட்டும். வடகிழக்கில் நவுங்டாஜி, "அண்ணன்" பகோடா: புத்தரின் முடிகளைப் பெரிய ஸ்தூபியில் வைப்பதற்கு முன் முதலில் இங்கேதான் வைத்திருந்தார்கள் என்பது நம்பிக்கை, கூட்டம் குறைவு, அமைதியாக இருக்கும். வடமேற்குப் பக்கம் வேண்டுதல் நிறைவேறும் இடம் ஒன்று, திறந்த தரையில் மக்கள் ஸ்தூபியைப் பார்த்து மண்டியிட்டிருப்பார்கள், பார்த்ததுமே தெரியும். புத்தகயாவின் மகாபோதிக் கோயிலைப் போலச் சின்னதாக ஒன்று உண்டு. தஜாமின் சன்னதியைத் தேடிப் பாருங்கள், அவர் வேறு யாருமில்லை, நம் இந்திரன்தான்; பௌத்தத்துக்கு முந்தைய நாட் தெய்வங்களுக்கெல்லாம் அங்கே அவர் அரசர். மலையைக் காக்கும் போபோஜி பக்கத்திலேயே இருப்பார்.

தென்மேற்கு மூலைப் பக்கம் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது, பலர் கவனிக்காமல் போவார்கள். 1920-ல் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் இந்த மேடையில் கூடித்தான் வேலைநிறுத்தத்தை முடிவு செய்தார்கள். 1938-ல் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் நடையாக வந்து இங்கே முகாமிட்டார்கள். 1988 ஆகஸ்ட் 26 அன்று ஆங் சான் சூச்சி முதன்முதலாகப் பெருங்கூட்டத்தில் பேசியதும் இதன் மேற்கு வாசல் பக்கம், 2007-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் கிளம்பியதும் இங்கிருந்துதான்.

துடைப்பத்தோடு வரிசையாக வருகிறார்களே, அவர்கள் ஊழியர்களா?

இல்லை, பக்தர்கள். மேடையைப் பெருக்குவது புண்ணியம், அதற்குக் கிழமைக்கொரு குழு உண்டு. தோளோடு தோள் நின்று ஒரே சீராகப் பெருக்கிக்கொண்டே வருவார்கள். வழி விடுங்கள். அல்லது கேட்டுப் பாருங்கள், துடைப்பம் ஒன்று உங்கள் கைக்கும் வரலாம்.

எந்த நேரம் நல்லது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

அதிகாலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். நடுப்பகலில் போகாதீர்கள், வெறுங்காலில் பளிங்குத் தரை சுடும், பாய் விரித்த பாதையை விட்டு ஓர் அடி வைக்க முடியாது. என் யோசனை, மாலை நாலரை வாக்கில் ஏறி, கிழமை மூலையை முடித்து, ஸ்தூபிக்கு எதிரில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, இருட்டி விளக்குப் போட்டபிறகு அந்த வைரத்தைப் பார்த்துவிட்டு இறங்குவது. மூன்று மணி நேரமாவது வேண்டும். உள்ளூர்க்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை, அப்போது பயணிகள் கூட்டம் இருக்காது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும், பளிங்கு வழுக்கும், பார்த்து நடங்கள்.

திருவிழா எப்போது?

பகோடாவின் சொந்த விழா தபாங் மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் மார்ச்சில் வரும். நவம்பர் வாக்கில் வரும் தசாங்மோன் பௌர்ணமிக்கு முந்தின இரவு ஒரு நெசவுப் போட்டி நடக்கும்: இளம்பெண்கள் தறியில் உட்கார்ந்து இரவோடு இரவாகக் காவி ஆடை நெய்து முடித்து, விடியலில் புத்தருக்குச் சாத்துவார்கள். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நான் இதைத்தான் சொல்வேன். மற்ற நாட்களில் அதிர்ஷ்டம் இருந்தால் ஷின்பியூ ஊர்வலம் பார்க்கலாம், துறவு ஏற்கப்போகும் சிறுவர்களை இளவரசர் போல அலங்கரித்து, தலைமேல் தங்க நிறக் குடை பிடித்துச் சுற்றி அழைத்து வருவார்கள்.

போட்டோ எடுக்கலாமா?

எடுக்கலாம். டிரோன் கூடாது. கண் மூடி உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதை இலங்கையில் நேரடியாகவே கண்டிப்பார்கள். இங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை என்றாலும் தவிர்ப்பது மரியாதை.

கட்டணம்? வழிகாட்டி வேண்டுமா?

வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, உள்ளூர்க்காரர்களுக்கு இல்லை. தொகை மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கே எழுதவில்லை. வழிகாட்டி கட்டாயமில்லை.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

கிழக்கே கண்டாஜி ஏரி, மாலையில் தண்ணீரில் ஸ்தூபி தெரியும். பகோடாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரின் தர்கா; 1862-ல் நாடு கடத்தப்பட்ட நிலையில் இறந்தவரை அடையாளமே தெரியாமல் புதைத்துவிட்டார்கள், நிஜச் சமாதி 1991-ல்தான் வெளிப்பட்டது. "உள்ளே போக முடியவில்லையே" என்ற குறை இருப்பவர்கள் ஆற்றங்கரையில் இருக்கும் போட்டடாங் பகோடாவுக்குப் போங்கள். 1943-ல் நேச நாட்டுக் குண்டுவீச்சில் இடிந்து, திரும்பக் கட்டியபோது உட்புறத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், தங்கச் சுவர்களுக்கு நடுவே நடக்கலாம். நகர மையத்தில் சூலே பகோடா, அதிலிருந்து நடக்கிற தூரத்தில் 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோயில். அந்தத் தெருக்களில் தோசை கிடைக்கும், அவர்கள் தொஷே என்பார்கள்.

தமிழ்நாட்டோடு பழைய தொடர்பு ஏதாவது உண்டா?

ரங்கூன் போன செட்டியார்களையும் கூலிக்குப் போனவர்களையும் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பழையது ஒன்று. மேலே சொன்ன தம்மசேதி மன்னர் 1476-ல் பிக்குகளை இலங்கைக்கு அனுப்பிக் களனி ஆற்றில் முறைப்படி மறுபடியும் துறவு பெறச் செய்தார். திரும்பும்போது ஒரு கப்பல் உடைந்தது. அதில் வந்தவர்கள் நடந்தே நாகப்பட்டினம் வந்து, அங்கே பழைய விகாரை இருந்த இடத்தைப் பார்த்து, சீன அரசன் கட்டுவித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்று அவருடைய கல்யாணி கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல்வெட்டு பெகுவில் இருக்கிறது. அதே மன்னர் 1485-ல் பாலி, மொன், பர்மிய மொழிகளில் பொறித்த இன்னொரு கல்வெட்டு ஷ்வேடகோனிலேயே உண்டு, தேடிப் பாருங்கள். நாகப்பட்டினத்துப் புத்தர் வெண்கலங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பர்மா போகிற வசதி இப்போதைக்கு இல்லை. வேறு எங்காவது இதைப் பார்க்கலாமா?

மியான்மர் தலைநகர் நேபிடாவில் 2009-ல் கட்டி முடித்த உப்பதசந்தி பகோடா இதே அச்சு, மரியாதைக்காக ஓர் அடி மட்டும் குறைத்திருக்கிறார்கள், ஆனால் அதுவும் மியான்மர்தான். இந்தியாவில் என்றால் மும்பை கோராயில் உள்ள விபாசனா பகோடா. பர்மாவில் பிறந்த எஸ். என். கோயங்கா முன்னின்று ஷ்வேடகோன் உருவத்திலேயே கட்டினார், 2009-ல் திறந்தார்கள். இதில் ஒரு வித்தியாசம், உள்ளே ஒரு தூண்கூட இல்லாத பெரிய கூடம், சுமார் 8,000 பேர் உட்கார்ந்து தியானம் செய்யலாம். போரிவலியிலிருந்து கோராய் ஓடைக் கரைக்கு ஆட்டோ, அங்கிருந்து படகு.